அந்தி வேளையில் பன்றி வேட்டை: துப்பாக்கிக் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கும் முறை

காட்டுப்பன்றியினால் பயிர்களுக்கு உண்டாகும் சேதத்தைப்பற்றி நம் குடியானவர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இத்தொல்லை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாக் கண்டத்தில் ஜெர்மனி தேசத்துக் குடியானவர்களும் இதே பிராணியால் வருஷந்தோறும் நஷ்டமடைந்து வருகிறார்கள். விதைத்த மக்காச்சோளத்தைச் சால் பிடித்தாற்போல் கிளறித் தின்பதும், கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் கூட்டமாய்ப் புகுந்து தட்டைகளைச் சாய்ப்பதும், புல்வெளிகளைப் புழுவுக்காக உழுது தள்ளுவதும் அங்கும் அவற்றின் வழக்கமே. 2019-20-ம் வருஷத்து வேட்டைப் பருவத்தில் மட்டும் அத்தேசத்தில் 8,80,000-க்கு மேற்பட்ட காட்டுப்பன்றிகள் கொல்லப்பட்டன என்றால் தொல்லையின் அளவு விளங்கும். 2020-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பிராண்டன்பர்க் மாகாணத்துக் காட்டுப்பன்றியிடம் காணப்பட்டது முதல், வளர்ப்புப் பன்றிகளைக் காக்கும் பொருட்டும் இவ்வேட்டை முன்னிலும் அவசியமாகிவிட்டது.

இவ்வேட்டையின் பெரும் பகுதி அந்தியிலும் நிலவிலுமே நடைபெறுகிறது. ஆகையால் மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கேற்ற கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கும் வித்தை அந்நாட்டில் நன்கு தேர்ச்சி பெற்றிருக்கிறது. துப்பாக்கியின்மேல் பொருத்தும் சிறு தூரதிருஷ்டிக் குழாயை வேட்டைக்காரர் ஸ்கோப் என்பர். இக்கட்டுரையில் அதைக் குறிக்கண்ணாடி என்று வழங்குவோம். அதைத் தேர்ந்தெடுப்பதில் கவனிக்கத்தக்க விஷயங்கள் யாவை, அவற்றில் நம்மவர்க்கும் பயன்படக்கூடியவை எவை என்பதை இங்கே கூறுவோம்.

சேதத்துக்கு யார் பொறுப்பு?

ஜெர்மனியில் 75 ஹெக்டேருக்குக் குறையாத ஒரே தொடர்ச்சியான நிலமுடையவர் தம் நிலத்தைத் தனி வேட்டை வட்டமாக வைத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைந்த நிலமுடையவர்கள் கிராமத்தளவில் ஒரு கூட்டமாகச் சேர்க்கப்பட்டு, அக்கூட்டத்தார் வேட்டையாடும் உரிமையைப் பெரும்பாலும் குத்தகைக்கு விடுகிறார்கள். பன்றியால் பயிர் அழிந்தால் நஷ்டஈடு செலுத்தும் கடமை சட்டப்படி அக்கூட்டத்தைச் சேர்ந்தது. குத்தகைப் பத்திரத்தின் மூலம் அக்கடமை சாதாரணமாய்க் குத்தகைதாரர் தலையில் ஏற்றப்படுகிறது. குடியானவரோ சேதத்தை அறிந்த ஒரு வாரத்துக்குள் உரிய அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். தவறினால் நஷ்டஈடு கிடையாது.

இந்த ஏற்பாட்டின் பலன் யாதெனில், இரவில் பன்றி மேய்ந்த ஒவ்வொரு காணிக்கும் வேட்டைக்காரர் தம் பையிலிருந்து பணம் கொடுக்க நேர்கிறது. ஆகவே இருட்டில் அசையும் எந்தக் கரிய உருவத்தையும் பன்றியென்றெண்ணிச் சுட்டுவிடத் தோன்றும் அவசரம் அவருக்கு இயல்பாகவே உண்டு. அந்த அவசரத்துக்குக் கடிவாளமிடுவதே நல்ல கண்ணாடியின் முதல் வேலை. தூரத்தைக் கிட்டத்தில் காட்டுவது அதன் இரண்டாவது வேலையே.

கண்ணின் இயல்பு

கண்ணாடியைப்பற்றி அறியுமுன் கண்ணைப்பற்றி அறிதல் வேண்டும். நம் கண்ணின் நடுவிலுள்ள கண்மணி என்பது உண்மையில் ஒரு துவாரம். வாய்க்கால் மதகைப்போல் அது வெளிச்சம் மிகுந்தபோது சுருங்கியும், குறைந்தபோது விரிந்தும் ஒளியை உள்ளே விடுகிறது. நடுப்பகலில் அதன் அகலம் 2 அல்லது 3 மில்லிமீட்டரே. இருட்டில் வாலிபர்களுக்குச் சுமார் 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற இந்த விரிவு குறைந்து, 60 வயதை நெருங்கியவர்களில் பலருக்கு 5 மில்லிமீட்டரே தேறும். இது ஆளுக்கு ஆள் வேறுபடும். கண் வைத்தியரிடம் அளந்து தெரிந்துகொள்ளலாம்.

மேலும் கண்ணுக்குள் இருவகை அணுக்கள் உள்ளன. பகலில் நிறத்தையும் நுட்பத்தையும் காட்டுபவை கூம்பு வடிவானவை. இருட்டில் வேலை செய்பவை கோல் வடிவானவை. கோல் அணுக்கள் முழுத்திறன் பெற 20 முதல் 30 நிமிஷம் வரையில் ஆகிறது. பிரகாசமான விளக்கை ஒருமுறை பார்த்தாலும் அத்திறன் போய்விடுகிறது. அவை சிவப்பு நிறத்தை அநேகமாய் உணர்வதில்லை. நீலமும் பச்சையும் கலந்த ஒளியையே நன்கு உணர்கின்றன. அந்தி மயங்கும்போது சிவந்த பூக்கள் கறுத்தும், நீலப் பூக்கள் வெளுத்தும் தோன்றுவதன் காரணம் இதுவே. பொஹீமியா தேசத்துப் பண்டிதர் புர்கின்யே என்பவர் இதை 1825-ம் வருஷத்திலேயே எழுதி வெளியிட்டார்.

கண்ணின் நட்டநடுவில் கோல் அணுக்கள் இல்லை. ஆதலால் கும்மிருட்டில் ஒரு பொருளை நேரே உற்றுப் பார்ப்பதைவிடச் சற்று ஒதுக்கிப் பார்த்தால் தெளிவாய்த் தெரியும். இதை இரவுக் காவல் புரிபவர் யாவரும் அனுபவத்தில் அறிவர்.

கண்ணாடியின் இரண்டு எண்கள்

குறிக்கண்ணாடியின்மேல் 8 × 56 என்பதுபோல் இரண்டு எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் பொருளை எத்தனை மடங்கு பெரிதாய்க் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்புறத்து லென்ஸின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் தெரிவிக்கின்றன. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது ஒளிவட்டத்தின் அகலம். அதாவது குழாயின் பின்புறத்திலிருந்து கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் பருமன். குழாயை ஒரு முழ தூரத்தில் பிடித்து வெளிச்சத்தை நோக்கினால், பின் லென்ஸின் நடுவில் இவ்வட்டத்தைக் கண்ணாலேயே காணலாம்.

சில உதாரணங்கள் வருமாறு:

4 × 32: ஒளிவட்டம் 8 மில்லிமீட்டர்.
6 × 42: ஒளிவட்டம் 7 மில்லிமீட்டர்.
8 × 56: ஒளிவட்டம் 7 மில்லிமீட்டர்.
8 × 42: ஒளிவட்டம் 5¼ மில்லிமீட்டர்.
12 × 56: ஒளிவட்டம் ஏறக்குறைய 4¾ மில்லிமீட்டர்.

மடையின் அகலத்துக்கு மேல் வாய்க்காலில் எவ்வளவு நீர் வந்தாலும் வயலுக்குப் பாய்வது மடையளவேயாம். அதுபோல் ஒளிவட்டம் 7 மில்லிமீட்டராயிருந்தும் பார்ப்பவரின் கண்மணி 5 மில்லிமீட்டரே விரியுமானால், மிகுந்த ஒளி கண்ணின் ஓரத்தில் பட்டு வீணாகிறது. இதற்கு மாறாக, வாலிபர் ஒருவர் 12 × 56 கண்ணாடியை இருட்டில் உபயோகித்தால், விரிந்த கண்மணியை ஒளிவட்டம் நிரப்பாமல் காட்சி மங்கிவிடும்.

எனவே 25 வயதுள்ள வேட்டைக்காரருக்கு 8 × 56 தகுதியானது. ஜெர்மனியில் நிலவு வேட்டைக்கு இவ்வளவே நெடுங்காலமாய்ப் பெயர்பெற்றது. 60 வயதானவருக்கோ எடையும் விலையும் குறைந்த 8 × 42 ஏறக்குறைய அதே காட்சியைத் தரும். அல்லது 56 மில்லிமீட்டர் லென்ஸையே வைத்துக்கொண்டு 10 அல்லது 11 மடங்கு பெருக்கத்தை அவர் உபயோகிக்கலாம். பெருக்கத்தை வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் கண்ணாடிகளே இப்போது அதிகமாய் விற்கப்படுகின்றன. அவற்றிலும் கணக்கு இதுவே. 3 முதல் 12 மடங்கு வரை மாறும் 56 மில்லிமீட்டர் கண்ணாடியை இருள் கவியும்போது வாலிபர் 8 மடங்குக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு பொதுவான தப்பெண்ணத்தை நீக்குதல் அவசியம். எந்தக் கண்ணாடியும் இருளை ஒளியாக்குவதில்லை. கொல்லையும் புல்வெளியும் வெறுங்கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாய்த் தோன்றுமோ, அதைவிட மிகுந்த வெளிச்சத்துடன் எந்த லென்ஸும் அவற்றைக் காட்ட இயலாது. ஒளியை அதிகம் குறைக்காமல் உருவத்தைப் பெரிதாக்கித் தருவதே அதன் உபகாரம். உருவம் பெரிதானால் கண்ணின் அதிகமான அணுக்கள் அதை உணர்கின்றன. அதனாலேயே கறுப்புத் திட்டாய்த் தெரிந்தது காதும் மூஞ்சியும் காலுமாகப் பிரிந்து தெரிகிறது.

அந்தி எண் என்னும் கணக்கு

விற்பனைப் பத்திரிகைகளில் அந்தி எண் என்று ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். பெருக்கத்தையும் லென்ஸின் அகலத்தையும் பெருக்கி, அத்தொகையின் வர்க்கமூலத்தைக் கண்டால் அது கிடைக்கும். 8 × 56-க்கு இது 21.2. இவ்வெண் பெரிதாயிருந்தால் அந்தியில் அதிக நுட்பம் தெரியும் என்பது பொதுவிதி.

இவ்விதியை மட்டும் நம்பலாகாது. 16 × 28 அளவில் ஒரு கண்ணாடி செய்யப்பட்டால் அதற்கும் அந்தி எண் 21.2-தான் வரும். ஆனால் அதன் ஒளிவட்டம் 1¾ மில்லிமீட்டர் மட்டுமே. இருட்டில் அதன் வழியே பார்ப்பது ஊசித் துவாரத்தின் வழியே பார்ப்பதை ஒக்கும். லென்ஸின் தரத்தைப்பற்றியும் அந்தி எண் ஒன்றும் சொல்வதில்லை. மட்டமான கண்ணாடிக்கும் உயர்ந்த கண்ணாடிக்கும் அளவுகள் ஒன்றாயிருந்தால் எண்ணும் ஒன்றே. ஆகவே ஒளிவட்டத்தை முதலிலும், அந்தி எண்ணைப் பிறகும் பார்க்க வேண்டும்.

லென்ஸின் பூச்சு

ஒளியானது காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும், வெளியேறும்போதும் ஒவ்வொரு முறையும் சுமார் 100-க்கு 4 பங்கு திரும்பிவிடுகிறது. ஒரு குழாயில் இத்தகைய முகங்கள் 10 இருந்தால், 100 பங்கு ஒளியில் 66 பங்கே கண்ணுக்கு வந்து சேரும். மீதி, வரப்பு உடைந்த வாய்க்கால் நீர்போல் வழியிலேயே சிதறிக் காட்சியையும் வெளுக்கச் செய்யும். ஜெனா நகரத்து ஸைஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த அலெக்ஸாந்தர் ஸ்மாகுலா என்னும் விஞ்ஞானி 1935-ம் வருஷத்தில் இக்குறைக்குப் பரிகாரமாக, லென்ஸின்மேல் மிக மெல்லிய பூச்சு ஒன்றைப் படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இக்காலத்தில் பல அடுக்குகளாய்ப் பூசப்பெறும் லென்ஸில் ஒவ்வொரு முகத்திலும் திரும்பும் ஒளி 100-க்கு அரைப் பங்காகக் குறைந்தால், அதே 10 முகங்களைக் கடந்து 95 பங்கு கண்ணை அடையும்.

எல்லா லென்ஸ்களுக்கும் எல்லா முகங்களிலும் பல அடுக்குப் பூச்சு உண்டா என்று கேட்டறிதல் வேண்டும். சில மலிவான சரக்குகளில் வெளிமுகத்துக்கு மட்டும் பூசிவிட்டுப் பூச்சுள்ள கண்ணாடி என்று விற்கிறார்கள். கோல் அணுக்கள் நீலப்பச்சை ஒளியையே உணர்வதால், அந்நிறத்தை நன்கு கடத்தும் கண்ணாடியே இரவுக்கு ஏற்றது.

குறிக்கோடுகள்

குழாய்க்குள் தெரியும் குறுக்கு நெடுக்குக் கோடுகளே குறிபார்க்க உதவுபவை. பகலில் மயிரிழைபோன்ற கோடு சிலாக்கியமாய்த் தோன்றும். அந்தியில் அது மறைந்துவிடும். ஆகையால் ஜெர்மானியர் இடது, வலது, கீழ் என்னும் மூன்று பக்கங்களில் தடித்த பட்டைகளும், நடுவில் மட்டும் மெல்லிய கோடுகளும் உள்ள 4-ம் நம்பர் குறியை விரும்புகிறார்கள். நடுக்கோடு மறைந்தாலும் மூன்று பட்டைகளும் சந்திக்கவேண்டிய இடம் கண்ணுக்குப் புலப்படும்.

நடுவில் சிறு சிவப்புப் புள்ளி ஒளிரும்படி அமைத்த கண்ணாடிகளும் உண்டு. கோல் அணுக்கள் சிவப்பை அதிகம் உணராமையால் அந்நிறம் பொருத்தமே. எனினும் புள்ளியின் வெளிச்சத்தை மிகமிகக் குறைக்க வசதியிருக்க வேண்டும். பகலுக்கேற்ற வெளிச்சத்தில் அதை இரவில் எரியவிட்டால் புள்ளி மட்டுமே தெரியும், பிராணி தெரியாது.

வாங்குமுன் சோதித்தல்

கடையின் பிரகாசமான விளக்கொளியில் கண்மணி சுருங்கியிருக்கும். அங்கே 100 யூரோ விலையுள்ள கண்ணாடியும் 2,000 யூரோ விலையுள்ள கண்ணாடியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். ஆதலால் கடையில் பார்த்து வாங்குவது, பதரைத் தூற்றாமல் நெல்லை விலைபேசுவதற்கு ஒப்பாகும். சோதிக்கும் முறை பின்வருமாறு:

1. இரண்டு அல்லது மூன்று கண்ணாடிகளைச் சூரியாஸ்தமனத்தின்போது வெட்டவெளிக்குக் கொண்டுபோய், ஒரே பெருக்கத்தில் வைக்க வேண்டும்.

2. சுமார் 100 மீட்டர் தூரத்தில் நிழலடர்ந்த மர ஓரத்தில் ஒரு கட்டையையோ எழுத்துள்ள பலகையையோ வைத்து, ஒவ்வொன்றாலும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். குறிக்கண்ணாடியைத் துப்பாக்கியில் பொருத்தாமல் கையிலோ தாங்கியிலோ வைத்தே இச்சோதனையைச் செய்தல் வேண்டும்.

3. எந்தக் கண்ணாடியில் நுட்பங்கள் கடைசியாக மறைகின்றனவோ அதுவே சிறந்தது. நல்லதற்கும் மட்டமானதற்கும் உள்ள வித்தியாசம் பல நிமிஷங்களாகும். வேட்டையில் அந்தச் சில நிமிஷங்களுக்காகவே அதிக விலை கொடுக்கப்படுகிறது.

4. நிலவையோ தெருவிளக்கையோ காட்சியின் ஓரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காட்சி முழுதும் பால்போல் வெளுத்தால் அக்கண்ணாடி உதவாது.

கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் இடையே 8 அல்லது 9 சென்டிமீட்டர் இடைவெளி இருத்தல் நலம். குறைந்தால் துப்பாக்கி பின்னுதைக்கும்போது புருவம் கிழியும். குழாய்க்குள் நைட்ரஜன் போன்ற உலர்ந்த வாயு நிரப்பி அடைத்திருந்தால், குளிரிலிருந்து வெப்பத்துக்கு வரும்போது உள்ளே பனி படியாது. பெரிய லென்ஸ் உள்ள கண்ணாடி கனமானது. அதை உயரமாய்ப் பொருத்த நேர்வதால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் அழுந்தப் பதியாமல் போகலாம். கண்ணாடிக்கு ஆயிரம் செலவழித்துப் பிடிப்பில் சிக்கனம் செய்வது, நல்ல கலப்பைக்கு உளுத்த ஏர்க்காலைப் பூட்டுவதுபோலாம்.

இரவுக் கருவிகள்

மின்சார இரவுக் கருவிகளும், உடற்சூட்டைக் கொண்டு உருவங்காட்டும் கருவிகளும் இப்போது பெருகிவிட்டன. ஜெர்மனியின் ஆயுதச் சட்டம் 2020-ம் வருஷத்தில் திருத்தப்பட்டு, அனுமதி பெற்ற வேட்டைக்காரர் சிலவகை இரவுக் கருவிகளைக் குறிக்கண்ணாடியுடன் சேர்த்து உபயோகிக்க வழி ஏற்பட்டது. வேட்டையில் அவற்றை உபயோகிப்பது மாகாணந்தோறும் உள்ள விதிகளுக்கு உட்பட்டது. சூடுகாட்டும் கருவி, கொல்லையில் ஏதோ ஒரு பிராணி இருக்கிறது என்பதைத் தவறாமல் தெரிவிக்கும். ஆனால் அது எத்தகைய பிராணி, முன்னால் குறுக்கிடும் கிளை எது, பின்னால் இருப்பது யாது என்பவற்றை எப்போதும் தெளிவாய்த் தெரிவிப்பதில்லை. மூடுபனியிலும் மழையிலும் அதன் சக்தி குறைந்துவிடும்.

சுடாமலிருக்க வேண்டிய வேளை

ஜெர்மனியின் வேட்டைச் சட்டப்படி, சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு, மறுநாள் உதயத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்வரை உள்ள காலம் இரவாகும். குளம்புள்ள வேட்டைப் பிராணிகளை இரவில் சுடுவது விலக்கப்பட்டது. காட்டுப்பன்றிக்கு மட்டுமே விலக்களிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இருளில் நிற்பது பன்றியா மானா என்று அறியாமல் சுட்டவர் குற்றவாளியாகலாம். குட்டிகளைப் பாலூட்டி வளர்க்கும் தாய்ப்பன்றியைக் கொல்வதும் குற்றமே. உயர்ந்த புல்லில் குட்டிகள் மறைந்திருக்கும். பருத்த பன்றி தனித்து நிற்பதாய்த் தோன்றினும் சற்றுநேரம் காத்து, அதன் காலடியில் குட்டிகள் இல்லையென்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றினும் பெரிது மனித உயிர். பன்றியென்று நினைத்து மனிதரைச் சுட்டுவிட்ட விபத்துக்கள் பல நாடுகளில் நேர்ந்திருக்கின்றன. ரைபிள் குண்டு குறி தவறினால் சில கிலோமீட்டர் தூரம் செல்லக்கூடியது. இதனாலேயே அங்கே உயர்ந்த பரண்மீதமர்ந்து கீழ்நோக்கிச் சுடுகிறார்கள். தவறிய குண்டு மண்ணில் புதைந்துவிடும். பிராணிக்குப் பின்னால் மண் தெரியாமல் வானமோ புதரோ தெரிந்தால் சுடுவதில்லை.

மற்றொரு விதி யாதெனில், தேடுவதற்குக் குறிக்கண்ணாடியை உபயோகிக்கலாகாது. குறிக்கண்ணாடி திரும்பும் இடமெல்லாம் துப்பாக்கியின் வாயும் திரும்பும். வரப்பில் நடந்துவரும் காவற்காரரை அதன் வழியே பார்ப்பது, அவரை நோக்கித் துப்பாக்கி நீட்டுவதேயாகும். முதலில் இருகண் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் பிராணியின் இனம், வயது, உடனுள்ளவை ஆகியவற்றை அறிந்து, பிறகே துப்பாக்கியை எடுக்க வேண்டும். சந்தேகம் சிறிதேனும் இருந்தால் அன்றைய வேட்டை முடிந்தது என்று பரணிலிருந்து இறங்கிவிட வேண்டும். நஷ்டஈடாய்க் கொடுத்த பணத்தை அடுத்த மகசூலில் ஈடுசெய்யலாம். போன உயிருக்கு ஈடு இல்லை.

நம் நாட்டு நிலை

நம் நாட்டில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அதிகாரம் பெற்றவரின் அனுமதியின்றிக் காட்டுப்பன்றியைக் கொல்வது குற்றமாகும். 2025-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார், காப்புக் காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடுவதற்கு இடமளித்திருக்கின்றனர். சுடுவது அத்துறையினரின் வேலையேயன்றிக் குடியானவரின் வேலையன்று. ஆகவே மேலே கூறிய குறிக்கண்ணாடியை நம் குடியானவர்கள் வாங்கவேண்டியதில்லை.

ஆயினும் கண்ணையும் ஒளியையும்பற்றிச் சொன்ன கணக்கு, துப்பாக்கியில்லாத இருகண் தூரதிருஷ்டிக் கண்ணாடிக்கும் அப்படியே பொருந்தும். பன்றிகள் எந்த மூலையில் புகுகின்றன, எத்தனை வருகின்றன, எந்த வேளையில் வருகின்றன என்பவற்றைப் பரணிலிருந்து கவனித்துத் தேதிவாரியாய்க் குறித்து வைத்தால், வேலியை எங்கே பலப்படுத்துவது என்பது விளங்கும். வனத்துறையினரிடம் முறையிடும்போதும், கிராம அதிகாரிகள் சேதத்தை ஆராயும்போதும் அக்குறிப்பு ஆதாரமாகும். இதற்கு வாலிபர்கள் 7 × 50 அளவுள்ளதையும், 50 வயதைக் கடந்தவர்கள் 8 × 42 அளவுள்ளதையும் வாங்கலாம். 20 மடங்கு, 30 மடங்கு என்று பெருக்கத்தைக் காட்டி விற்கப்படும் சிறு கண்ணாடிகள் அந்திக்கு உதவா. கை நடுக்கத்தையும் அவை அதே மடங்கு பெருக்கிக் காட்டும்.

காவலுக்குச் செல்பவர் அரைமணி நேரத்துக்கு முன்பே விளக்கையும் கைப்பேசியின் வெளிச்சத்தையும் விலக்கிக் கண்ணை இருட்டில் பழக்கிக்கொள்வாராக. இதற்குச் செலவு யாதொன்றும் இல்லை. இதைச் செய்யாதவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடியும் பயன்படாது.